சிகாகோ மேயருக்கு ஒரு கோரிக்கை மனு: இடிக்கறதுக்கு முன்னாடி எங்க வாசல்ல வந்து சொல்லுங்க

பெறுநர்: மேயர் அவர்கள், சிட்டி ஹால், சிகாகோ

அனுப்புறது: லிட்டில் வில்லேஜ்ல வாடகைக்கு இருக்கற ஒரு தமிழ்க் குடும்பம், எங்க பிளாக்ல இருக்கறவங்க சார்பாவும்

பொருள்: தொழிற்சாலை இடிப்பு, வேர்ஹவுஸ் பர்மிட் மாதிரி விஷயங்கள ஸ்பானிஷ்ல முன்கூட்டியே வீடு வீடா தெரிவிக்கக் கோரி

மேயர் ஐயா, வணக்கம்.

சிகாகோல மெக்சிகோக்காரங்க அதிகமா இருக்கற இந்த லிட்டில் வில்லேஜ் ஏரியாவுக்கு நாங்க குடி வந்தது 2021ல. வாடகை கட்டுப்படியாகுதுன்னுதான் வந்தோம். கீழ் வீட்டு அம்மா மெக்சிகோல மிச்சோகான் பக்கத்துக்காரங்க, இங்க வந்து முப்பது வருஷம் ஆச்சு, எனக்கு அவங்க ஸ்பானிஷ் பாதி புரியாது அவங்களுக்கு என் இங்கிலீஷ் பாதி புரியாது, ஆனா என் பையனுக்கு காய்ச்சல்னா கஞ்சி மாதிரி ஒண்ணு காய்ச்சி எடுத்துட்டு படியேறி வர்றது அவங்கதான். அவங்க பேத்திக்கு ஆஸ்துமா. ஸ்கூல் பைல புத்தகத்தோட இன்ஹேலரும் போகும்.

அவங்க அடிக்கடி சொல்ற ஒரு நாள் 2020 ஏப்ரல் 11. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த நேரம், மூச்சு விடறதுக்கே பயந்த நேரம், அன்னிக்கு காலைல பழைய க்ராஃபோர்ட் கரி மின்நிலையத்தோட புகைக்கூண்ட வெடி வச்சு சாய்ச்சாங்க. கிட்டத்தட்ட 380 அடி உயரம். அது விழுந்து கிளம்பின தூசி தெருத்தெருவா வந்து வீடு, கார், கொடில காயப்போட்ட துணின்னு எல்லாத்து மேலயும் படிஞ்சுது. கீழ் வீட்டு அம்மாவுக்கு வெடி வைக்கப் போற விஷயமே தெரியாது, சத்தம் கேட்டு ஜன்னல தொறந்திருக்காங்க. அந்த இடிப்புக்கு பர்மிட் குடுத்தது சிட்டி. அப்போ நீங்க மேயர் இல்ல, அது எனக்கு தெரியும், ஆனா பர்மிட் குடுக்கற இடம் இன்னிக்கு உங்க கைல இருக்கு, அதனாலதான் உங்களுக்கு எழுதறேன்.

இந்த ஜனங்க சும்மா உக்காந்து குறை சொல்றவங்க இல்ல ஐயா. 1994ல கேரி ஸ்கூல்ல நடந்த ரிப்பேர் வேலைல பிள்ளைங்க மேல என்ன தூசி படுதுன்னு கேக்க ஆரம்பிச்ச அப்பா அம்மாக்கள்தான் லிட்டில் வில்லேஜ் என்விரான்மென்டல் ஜஸ்டிஸ் ஆர்கனைசேஷன்ங்கற, மாசுக்கு எதிரா போராடற அமைப்ப ஆரம்பிச்சாங்க. க்ராஃபோர்டும் பில்சன்ல இருந்த ஃபிஸ்க்ங்கற இன்னொரு கரி மின்நிலையமும் மூடணும்னு பக்கத்து ஏரியா ஆளுங்களோட சேந்து வருஷக்கணக்கா கதவு கதவா போய் கையெழுத்து வாங்கினாங்க, 2012ல ரெண்டும் மூடுச்சு. தார் போட்ட கூரை சாமான் செஞ்ச ஃபேக்டரி விஷமாக்கின மண்ண சுத்தம் பண்ண வச்சு அங்கயே 21 ஏக்கருக்கு மேல பார்க் கேட்டு வாங்கினாங்க, 2014 டிசம்பர்ல திறந்தது, என் பையன் சைக்கிள் ஓட்ட கத்துக்கிட்டது அங்கதான். இந்த மின்நிலையம், பார்க் ரெண்டுக்கும் முன்னாடி 2001ல, அன்னையர் தினத்தன்னிக்கு, தர்றோம்னு சொன்ன ஹைஸ்கூல கட்டித் தராததுக்காக 14 பேர் உண்ணாவிரதம் உக்காந்தாங்க, அதுல பாட்டிங்களும் உண்டு. 19 நாள். 2005ல ஸ்கூல் திறந்துச்சு. ஒரு ஹைஸ்கூலுக்கு 19 நாள் பட்டினி கிடக்கணும்ங்கறத நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல, இவங்கள இன்னொரு தடவ அந்த நிலைக்கு கொண்டு போயிடாதீங்க.

இப்போ க்ராஃபோர்ட் இருந்த இடத்துல பெரிய வேர்ஹவுஸ் நிக்குது. கரிப்புகை போச்சு, டீசல் டிரக் வந்துச்சு.

நாங்க கேக்கறது இதுதான். இங்க எதையாவது இடிக்கறதா இருந்தாலும் சரி, புதுசா ஃபேக்டரி, வேர்ஹவுஸ் எது வர்றதா இருந்தாலும் சரி, குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி ஸ்பானிஷ்லயும் இங்கிலீஷ்லயும் நோட்டீஸ் ஒவ்வொரு வாசலுக்கும் வரணும். வெப்சைட்ல போட்டுட்டோம்னா எங்களுக்கு சொன்ன கணக்கு ஆகாது. 26வது தெரு பேக்கரி, துணி துவைக்கற லாண்ட்ரி, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சர்ச் வாசல், இங்க நின்னு சொன்னா ஒரே நாள்ல ஊருக்கே தெரிஞ்சுடும். அந்த வேலைக்கு வெளிய இருந்து கம்பெனி புடிக்காம இங்க ஏற்கனவே வீடு வீடா போய் உடம்பு நலம் பத்தி பேசற ப்ரொமொத்தோரா பெண்களுக்கே கூலி குடுத்து செய்யச் சொல்லுங்க, அவங்க தட்டினாத்தான் கதவு திறக்கும்.

மீட்டிங் பகல் ரெண்டு மணிக்கு வைக்காதீங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்களுக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வைங்க, பேச்சு ஸ்பானிஷ்ல நடக்கட்டும், இங்கிலீஷ் வேணும்ங்கறவங்களுக்கு ஹெட்ஃபோன் குடுங்க, பிள்ளைங்கள பாத்துக்க ஒரு ரூமும் ஆளும் இருக்கட்டும்.

முக்கியமா, உள்ள வர்றவங்க கிட்ட பேர், அட்ரஸ், ஐடி எதுவும் கேக்கக் கூடாது. 2025 செப்டம்பர்ல இருந்து இமிகிரேஷன் ஏஜென்ட்டுங்க இங்க வந்து ஆளுங்கள புடிச்சது உங்களுக்கே தெரியும். அப்போ பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் விசில் குடுத்து கழுத்துல மாட்டிக்கிட்டாங்க, வண்டிய பாத்தா ஊதணும், சத்தம் கேட்டா பயப்படறவங்க உள்ள போயிடணும். ஸ்கூல் விடற நேரத்துல தெருமுனைல நின்னவங்கள நானே பாத்தேன், நானும் நின்னேன். இவ்வளவு பயத்துல இருக்கறவங்க ஒரு பேப்பர்ல பேர் எழுதி குடுத்துட்டு வந்து உக்காருவாங்களா சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு. ஆல்ட்கெல்ட் கார்டன்ஸ் குடியிருப்புல மாசுக்கு எதிரா போராடின ஹேசல் ஜான்சன் அம்மா பேர்ல 2025 ஏப்ரல்ல நீங்க கவுன்சில்ல வச்சீங்களே, ஒரு இடத்துல ஏற்கனவே எவ்வளவு மாசு இருக்குன்னு மொத்தமா சேத்து பாத்துட்டுத்தான் புதுசா பர்மிட்னு ஒரு சட்டம், அத நீர்த்துப் போக விடாதீங்க. தனித்தனியா பாத்தா ஒவ்வொரு டிரக்கும் ஒவ்வொரு புகையும் அளவுக்குள்ளதான் இருக்கும். ஆனா கீழ் வீட்டு பேத்தி எல்லாத்தையும் ஒரே மூச்சுல இல்ல இழுக்குது.

இதே மனு ஸ்பானிஷ்லயும் இங்கிலீஷ்லயும் எங்க பிளாக் ஆளுங்க கையெழுத்தோட சேத்து அனுப்பியிருக்கோம். இத நான் என் மொழில எழுதினதுக்கு காரணம், நேப்பர்வில், ஷாம்பர்க் மாதிரி சிகாகோ புறநகர் பக்கம் இருக்கற நம்ம தமிழ் ஆளுங்களும் படிச்சுட்டு கையெழுத்து போடணும்னுதான். நமக்கு வீட்டு வாசல்ல வந்து இறங்கற பார்சல் எந்தத் தெரு வழியா வருதுன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.

பதில் அனுப்பறப்போ ஸ்பானிஷ்லயும் ஒரு காப்பி அனுப்புங்க ஐயா, கீழ் வீட்டு அம்மா தானே படிச்சுக்கணும்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
லிட்டில் வில்லேஜ் வாசி ஒருத்தி