பேசலைன்னா உடனே ஆட்டிசம்னு முத்திரை குத்தாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன். இப்பல்லாம் எங்க ஏரியாவுல புள்ள லேட்டா பேசுனா, சும்மா ஓடிட்டே இருந்தா, பக்கத்து வீடு, ஸ்கூல் மிஸ், வாட்ஸ்அப் வீடியோன்னு ஆளாளுக்கு ஆட்டிசம்னு முடிவு பண்ணிடுறாங்க. ஆட்டிசம்னா மத்தவங்களோட பழகுறதுலயும் பேசுறதுலயும் சின்ன வயசுலயே வித்தியாசம் தெரியுற வளர்ச்சிக் குறைபாடு. நெஜமாவே ஆட்டிசம் இருக்குற புள்ளைய மட்டும் "ஆம்பளப் புள்ள லேட்டாதான் பேசும்"னு வருஷக்கணக்கா விட்டுடுறாங்க, கொடுமை அது.

என்கிட்ட படிக்கிற ஒரு பொண்ணு ஸ்கூல்ல வாயே தொறக்க மாட்டா. ஆட்டிசம், வேற ஸ்கூல் பாருங்கன்னு சொல்லிட்டாங்க. வீட்டுல போய் பாருங்க, தம்பிகிட்ட விடாம வம்பளக்குறா, பொம்மைக்கு சோறு ஊட்டுறா, நாம சிரிச்சா கண்ணப் பாத்து சிரிக்குறா. டாக்டர் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு இது செலக்டிவ் மியூட்டிசம், பயத்துல பேச்சு வராம போறதுன்னு சொன்னாங்க. ஆட்டிசம்னா ஸ்கூல்ல மட்டும் வந்துட்டு வீட்டுக்கு வந்ததும் காணாம போயிடாது.

அதே மாதிரி பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்பலையா, மொதல்ல காதப் பாக்கணும், காது கேக்குதான்னு பாக்குற பெரா டெஸ்ட் எடுக்காம எதுவும் முடிவு பண்ணக்கூடாது. ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு ஓடுற பிரச்சனை இருக்குற பையன் மத்த பசங்களோட சேரணும்னு துடிப்பான், ஆனா தன் டர்ன் வர்ற வரைக்கும் நிக்க முடியாது, ஆட்டிசம் இருக்குற சில பசங்க பக்கத்துல கிரிக்கெட் நடந்தாலும் பொம்மை ஆட்டோவ கவுத்துப் போட்டு சக்கரத்தையே சுத்திட்டு இருப்பாங்க. சில புள்ளைங்களுக்கு ரெண்டுமே இருக்கும், 2013 வரைக்கும் அமெரிக்க மனநல டாக்டர்களோட கையேடே ரெண்டையும் சேத்து எழுதக்கூடாதுன்னுதான் வெச்சிருந்துச்சு. ஓசிடில, அதாவது வேண்டாத நெனப்பு விடாம தொரத்துற மனக்கோளாறுல, திரும்பத் திரும்ப கை கழுவுற புள்ள பயந்து போய் கழுவுது, அதுக்கே அது அவஸ்தை. ஆட்டிசம் புள்ளைக்கு பொருள வரிசையா அடுக்குறது பெரும்பாலும் நிம்மதி, நாம கலைச்சாதான் அழுகை.

ஆட்டிசத்த ரத்த டெஸ்ட்டோ ஸ்கேனோ எடுத்து சொல்லிட முடியாது சார். புள்ளையோட ரொம்ப நேரம் உக்காந்து விளையாடி, கைக்கொழந்தையில இருந்து எப்படி வளந்துச்சுன்னு அம்மாகிட்ட கேட்டுதான் கண்டுபிடிக்கணும். கூட்டம் நெரியுற ஓபில அஞ்சு நிமிஷத்துல எப்படி முடியும்? முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசோட நிறுவனம் இருக்கு, ஆனா காசிமேட்டுல மீன் விக்கிற அம்மா ஒரு நாள் பொழப்ப விட்டுட்டு ஊரோட அந்தக் கோடிக்கு எத்தன தடவை போவாங்க?

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு. அதனால சுகாதாரத்துறையும் மாநகராட்சியும் சேந்து சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், காது டெஸ்ட் எல்லாம் ஒரே எடத்துல கெடைக்கிற மாதிரி வாரத்துல ஒரு நாளாவது வடசென்னையிலயே நடத்தணும். பெத்தவங்களும் ரிப்போர்ட் வரட்டும்னு காத்திருக்காம ஸ்பீச் தெரபிய ஆரம்பிச்சுடுங்க, எந்தப் பேர் வெச்சாலும் பேச்சு வராத புள்ளைக்கு அது வேணும்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர், தண்டையார்பேட்டை