போனை வைத்ததற்கு ஒரு கடிதம்

ஆஸ்டின்
1-12-2008, திங்கள் இரவு

அன்பு மகளுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். நேற்று சாயங்காலம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். பாட்டரி தீர்ந்துவிட்டது என்று அம்மா உனக்குச் சமாதானம் சொன்னாளாம். பாட்டரி நன்றாகத்தான் இருந்தது. உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் வைத்தேன். ராத்திரி முழுக்க யோசித்து, இன்று ஆபீஸிலும் யோசித்து, இப்போது எழுதுகிறேன். போனில் பேசினால் நீ என்னை முந்திவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

நம் யுனிவர்சிட்டி ஃபுட்பால் சண்டையில் நீ கேட்ட கேள்வியை நீயே மறந்திருப்பாய். "அப்பா, நாப்பத்தஞ்சு முப்பத்தஞ்சு செல்லும்னா, முப்பத்தொம்போது முப்பத்துமூணு மட்டும் ஏன் செல்லாது?" என்றாய். சிரித்துக்கொண்டே கேட்டாய். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான்கு வருஷம் ஆஸ்டினில் படித்தவள், நார்மனுக்கு வானிலை படிக்கப் போன ஒன்றரை வருஷத்தில் 'பூமர் சூனர்' என்று அந்த ஊர் அணியின் பாட்டைப் போனில் பாடுகிறாள். பெண் பிள்ளை போன இடத்துக்குச் சொந்தமாகிவிடும் என்று உன் அப்பத்தா சொல்வது கல்யாணத்தைப் பற்றி என்று நினைத்திருந்தேன். ஃபுட்பாலுக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

முதலில் கணக்கை நேராக வைக்கிறேன். அக்டோபர் 11 அன்று டல்லஸில் நம் ஆஸ்டினின் டெக்சஸ் அணி உங்கள் நார்மனின் ஓக்லஹோமாவை 45-35 என்று ஜெயித்தது. நவம்பர் 1 அன்று லப்பக்கில் டெக்சஸ் டெக் நம்மை 39-33 என்று ஜெயித்தது. நவம்பர் 22 அன்று நார்மனில் உங்கள் ஆட்கள் டெக்கை 65-21 என்று துவைத்துப் பிழிந்தார்கள். மூவரும் மற்ற எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தாயிற்று. சீசன் முடிந்தபோது மூவருக்கும் பன்னிரண்டில் பதினொன்று, மூவரும் இருக்கும் பிக் 12 லீக் ஆட்டங்களில் எட்டில் ஏழு. பாம்பு தன் வாலைக் கவ்வின மாதிரி ஒரு வட்டம். அதற்குத் தலை எது என்று யார் சொல்ல முடியும்?

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "மூணு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு குத்துவிளக்கு கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே" என்றாள். முடியாது. இந்த மூவரும் இருக்கும் தெற்குப் பிரிவிலிருந்து ஒருவர்தான் கான்சஸ் சிட்டிக்குப் போய் வடக்குப் பிரிவின் மிசோரியோடு ஆட முடியும். அங்கே போகிறவருக்குத்தான் ஜனவரி 8 அன்று மியாமியில் நடக்கிற நாட்டின் பெரிய ஆட்டத்துக்கு வழி.

விதிப்புத்தகத்தைத் தேடிப் படித்தேன். படித்தால் நியாயம் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. மூவர் சமமானால் முதலில் அவர்களுக்குள் யார் யாரை ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். ஆளுக்கு ஒன்று. பிறகு பிரிவுக்குள் நடந்த ஐந்து ஆட்டங்கள், அதில் எல்லோருக்கும் நான்கு. அடுத்ததாக, பிரிவில் இவர்களுக்குக் கீழே இருப்பவர்களோடு எப்படி ஆடினார்கள் என்று பார்த்தால் யாருக்கும் தோல்வி கிடையாது. பொது எதிரிகளோடு ஆடிய ஆட்டங்களும் அப்படியே. இந்த நான்கு சல்லடையிலும் சலித்த பிறகு ஐந்தாவதாக ஒரு வரி வருகிறது: நாட்டின் அணிகளை வரிசைப்படுத்தும் பி.சி.எஸ். பட்டியலில் மேலே இருப்பவர் போகலாம். ஐந்தாவது வரியும் கைவிட்டால் கடைசியில் என்ன இருக்கிறது தெரியுமா? சீட்டுக் குலுக்கல்! நம் ஊர் மாரியம்மன் கொடைக்கு நடக்கும் கபடியில் மூன்று தெருவும் சமமாக வந்த வருஷம், சாமி முன்னால் சின்னப் பிள்ளையை விட்டுத் திருவுளச்சீட்டு எடுத்தார்கள். வடக்குத் தெரு தோற்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மனோடு யார் சண்டை போடுவது? பி.சி.எஸ்.ஸோடு எல்லோரும் சண்டை போடுகிறோம். அதுதான் வித்தியாசம்.

போன வாரப் பட்டியலில் நாம் இரண்டாவது, நீங்கள் மூன்றாவது. வியாழக்கிழமை நன்றி நாளன்று டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 49-9 என்று ஜெயித்தோம். நீங்கள் சனிக்கிழமை ஸ்டில்வாட்டரில் ஓக்லஹோமா ஸ்டேட்டை 61-41 என்று ஜெயித்தீர்கள். நேற்று பட்டியல் வந்தது. ஓக்லஹோமா .9351, டெக்சஸ் .9223. வித்தியாசம் .0128. நான் வேலை பார்க்கிற சிப் தொழிற்சாலையில் அளவுக் கருவி பிழை செய்யக்கூடிய அளவு என்று ஒன்றை ஒதுக்கி வைப்போம். அந்த மாதிரி எண் இது. ஒரு சீசனை இதன் மேலா நிறுத்துவது?

அந்த எண் எப்படி வருகிறது என்பது உனக்குத்தான் நன்றாகப் புரியும். மூன்று பங்கு. பயிற்சியாளர்கள் போடும் வாக்கு ஒன்று, பழைய ஆட்டக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் போடும் ஹாரிஸ் வாக்கெடுப்பு ஒன்று, ஆறு கணினிகளின் கணக்கு ஒன்று. கணினிகளில் அதிகமாகச் சொன்னதையும் குறைவாகச் சொன்னதையும் தள்ளிவிட்டு மீதி நான்குக்குச் சராசரி. ஆறு மாடல் ஆறு விதமாக மழை சொல்லும், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று நீ எனக்கு விளக்கினாயே, அதே கதை. ஹாரிஸில் நாம் ஒரு நூல் மேலே. பயிற்சியாளர் பட்டியலில் நீங்கள் ஒரே ஒரு புள்ளி மேலே. யாரோ ஒரு பயிற்சியாளர் தன் தாளில் இரண்டு பெயரை இடம் மாற்றி எழுதியிருந்தால் அந்தப் பட்டியல் தலைகீழாகியிருக்கும். ஆனால் அதனால் மட்டும் நாம் தப்பியிருக்க மாட்டோம், அதையும் போட்டுப் பார்த்துவிட்டேன். நம்மைக் கவிழ்த்தது கணினிகள்.

கணினிக்கு எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாய் என்பது கண்ணில் படாது. 2002-லிருந்து அதைச் சேர்க்கக் கூடாது என்று விலக்கிவிட்டார்கள். ஆகவே உங்கள் 65-21-ம் கணினிக்கு ஒரு வெற்றி, அவ்வளவுதான். அது பார்ப்பது யாரை ஜெயித்தாய் என்று. நீங்கள் செப்டம்பரில் டி.சி.யு.வையும் சின்சினாட்டியையும் வரவழைத்து ஆடினீர்கள். இரண்டும் இந்த வருஷம் நல்ல அணிகள். நாம் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலுமாக ஃப்ளோரிடா அட்லாண்டிக், யூடெப், ரைஸ், ஆர்கன்சா என்று ஆடினோம். செப்டம்பரில் யாரும் கவனிக்காத ஆட்டங்கள் டிசம்பரில் வந்து தீர்ப்பு எழுதுகின்றன. இந்த இடத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

ஆனால் மனிதர்கள் போடும் வாக்கைப் பற்றி நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூவரும் ஆளுக்கு ஒருமுறை தோற்றார்கள். நீங்கள் தோற்றது அக்டோபரில், நாங்கள் நவம்பர் முதல் தேதி, டெக் நவம்பர் 22. இப்போது பி.சி.எஸ். பட்டியலை மேலிருந்து கீழே பார்: நீங்கள் இரண்டாவது, நாங்கள் மூன்றாவது, டெக் ஏழாவது. முன்னால் தோற்றவன் முன்னால், பின்னால் தோற்றவன் பின்னால். பழைய காயம் ஆறிவிட்டது, புதுக் காயம்தான் எல்லோருக்கும் தெரிகிறது. டெக் அந்த 65-ஐ செப்டம்பரில் வாங்கியிருந்தால்? இந்நேரம் யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்? அதற்கு மேல், கடைசி நான்கு ஆட்டத்திலும் உங்கள் ஆட்கள் அறுபதுக்கு மேல் அடித்துவிட்டார்கள். பிராட்ஃபோர்டு பந்தை எறியும்போது எனக்கே கை தட்டத் தோன்றுகிறது. வாக்குப் போடுகிறவன் மட்டும் கல்லா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாம் அக்டோபர் 11-லிருந்து நான்கு சனிக்கிழமை அடுத்தடுத்து ஓக்லஹோமா, மிசோரி, ஓக்லஹோமா ஸ்டேட், டெக் என்று ஆடினோம். மூச்சு விட நேரமில்லை. அதில் மிசோரியை 56-31 என்று ஜெயித்தோம். அதே மிசோரிதான், மூன்று தோல்வியோடு, முந்தாநாள் கான்சஸிடம் 40-37 என்று தோற்றுவிட்டு, பிரிவுக்கு முதலாவது என்று சனிக்கிழமை மேடை ஏறப்போகிறது. ஒரு தோல்வியோடு நாம் வீட்டில் உட்கார்ந்து பார்க்கப்போகிறோம். வடக்கு தெற்கு என்று கோடு போட்டுப் பிரித்தவனைச் சொல்ல வேண்டும்.

டல்லஸ் ஞாபகம் இருக்கிறதா? நீ நார்மனிலிருந்து, நாங்கள் ஆஸ்டினிலிருந்து, பாதி வழியில் சந்தித்தோம். ஆட்டம் நடந்த காட்டன் பௌல் மைதானத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அதைச் சுற்றி நடக்கும் பொருட்காட்சிக்கு மட்டும் சீட்டு வாங்கி, பிக் டெக்ஸ் பொம்மைப் பக்கம் நின்று, அம்மா கார்ன் டாகில் என்ன கறி இருக்கிறது என்று மூன்று பேரிடம் விசாரித்துக்கொண்டிருக்க, நாம் இருவரும் ஒரே ரேடியோவின் ஆளுக்கொரு ஒயரைக் காதில் செருகிக்கொண்டோம். மைதானத்தில் பாதி சிவப்பு, பாதி ஆரஞ்சு. எந்தப் பாதியிலிருந்து சத்தம் வருகிறது என்று நீ காற்றின் திசையை வைத்துச் சொன்னாய். வானிலைக்காரி! நம் ஷிப்லி பந்தை வாங்கி 96 கஜம் ஓடினபோது நான் கத்தின கத்தலில் பக்கத்திலிருந்த குழந்தை அழுதுவிட்டது. நீ அன்று சிவப்புச் சட்டை போட்டிருந்தாய். ஆனாலும் அந்த ஓட்டத்துக்கு நீயும் குதித்தாய். நான் பார்த்தேன். இல்லை என்று சொல்லாதே.

லப்பக் ஆட்டத்தை நான் தனியாகப் பார்த்தேன். பாதி ஆட்டத்தில் 22-6 என்று பின்தங்கி, கடைசி ஒன்றரை நிமிஷத்தில் 33-32 என்று முன்னே வந்தோம். பிறகு நம் பையன் ஒருவன் கைக்கு நேராக வந்த பந்தைத் தவறவிட்டான். பிடித்திருந்தால் ஆட்டம் முடிந்தது, இந்தக் கடிதமும் இல்லை. அடுத்த பந்தை டெக்கின் ஹாரெல் எறிய, அவர்கள் ஆள் கிராப்ட்ரீ ஓரக் கோட்டில் பிடித்து, இருவரை உதறிவிட்டு உள்ளே போனான். கடிகாரத்தில் ஒரு வினாடி. பந்தைத் தவறவிட்ட நம் பையன் முதல் வருஷ மாணவன். அவன் அம்மா அன்று ராத்திரி சாப்பிட்டிருப்பாளா என்றுதான் உன் அம்மா கேட்டாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சனிக்கிழமை ஸ்டில்வாட்டருக்கு மேலே யாரோ விமானத்தில் 45-35 என்று பதாகை கட்டிப் பறக்கவிட்டார்கள். நான் டி.வி.யில் பார்த்துக் குஷியானேன். லப்பக்கில் ஒருவன் அதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பான்? 'அந்த விமானத்தின் வாலிலேயே 39-33 என்று இன்னொன்றைக் கட்டுங்கள்' என்றுதானே? நேருக்கு நேர் ஆடியதே செல்லும் என்று நான் உரக்கச் சொல்லச் சொல்ல, டெக்குக்கு அடியில் போய் நிற்கிறேன். மூன்று நாளாக நானும் உன் மாமாவும் ஆபீஸ் நண்பர்களும் போட்ட கூச்சலில் டெக் என்று ஓர் அணி இருப்பதே மறந்துபோயிற்று. அவர்களுடைய பயிற்சியாளர் லீச் மட்டும், பட்டம் வாங்கும் மாணவர் விகிதத்தை வைத்து முடிவு செய்யலாமே என்று வேடிக்கையாகச் சொன்னாராம். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. படிப்பை வைத்து முடிவு செய்யலாம் என்றால் எந்தத் தமிழ் அப்பன் வேண்டாம் என்பான்?

எஸ்.இ.சி. என்கிற தென்கிழக்கு லீக்கில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மூவர் சமமானால் பட்டியலில் மேலே இருப்பவர் போகலாம், ஆனால் அவருக்கு அடுத்தவர் ஐந்து இடத்துக்குள் இருந்தால் அந்த இருவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். அந்த விதி இங்கே இருந்திருந்தால் நாம்தான் போயிருப்போம். இதைக் கண்டுபிடித்ததும் நடுராத்திரி உனக்கு போன் போடப் போனேன். அம்மா தடுத்துவிட்டாள். தடுத்தது நல்லதாயிற்று, ஏனென்றால் அந்த விதியிலும் முதலில் பட்டியலைக் காட்டி டெக்கை வெளியே தள்ளிவிட்டுத்தான் நமக்கு நியாயம் வழங்குகிறார்கள். லப்பக்கில் ஒரு அப்பன் இருந்தால் அவனுக்கு இரண்டு விதியும் ஒன்றுதான்.

அதனால் பதில் இதுதான்: 39-33-ம் செல்லும். செல்லாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதி ஆகஸ்டிலேயே எழுதியிருந்தது, யாரும் அப்போது படிக்கவில்லை, நானும்தான். ஆனாலும் உங்களை டல்லஸில் ஜெயித்தோம் என்பதை நான் விடப்போவதில்லை. நியாயமாக இல்லாவிட்டாலும் விடப்போவதில்லை.

அம்மா பருப்புப்பொடியும் கறிவேப்பிலைப்பொடியும் கட்டி வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஐ-35-ல் வரும்போது ரெட் ரிவர் பாலம் தாண்டியதும் ஒரு போன் போடு. ராத்திரியில் ஓட்டாதே. பனி, உறைமழை எல்லாம் எனக்கு நீ சொல்ல வேண்டும், நான் உனக்குச் சொல்கிறேன். சிவப்புச் சட்டையோடு வந்தாலும் வீட்டுக்குள் விடுவோம்.

சனிக்கிழமை நான் மிசோரிக்குத்தான் கை தட்டுவேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முடிந்ததும் நீயே கூப்பிடு. எடுப்பேன். உடனே எடுப்பேனா என்பது ஸ்கோரைப் பொறுத்தது.

அன்புடன்,
அப்பா