எட்டு மணிக்கு மேல் ஒரு வேன் வேண்டும்: கரிசல் எழுத்தாளர்களுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் எழுத்தாளர் குழுவின் போன ஆடி மாதக் கூட்டத்தில், தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், வேலை பார்க்கும் ஒரு அக்கா தன் முதல் கதையை வாசித்தார். மகனின் போன வருஷக் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதியிருந்தார். பருத்தி எடுக்கப் போன தாயும் மகளும், மடியை உதறிக் கொட்டிய பிறகும் சேலை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பிடிப் பருத்திக்காகப் பேச்சு வாங்கும் கதை. ஏழு பக்கம் வாசித்தவர் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் ஊருக்கு ஏழே முக்காலுக்குக் கடைசி மினி பஸ். நோட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டி, "மீதிய நீங்க வாசிச்சிருங்க, என்ன சொன்னாங்கன்னு அடுத்த மாசம் கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மீதி நாலு பக்கத்தை வேறொருவர் வாசித்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த பெரியவர் தன் அம்மா பருத்திக் காட்டில் பட்டதைச் சொல்லிக் கண் கலங்கினார். அதையெல்லாம் கேட்க வேண்டியவர் அந்நேரம் மினி பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பார். அன்று இரவே இந்த நிதியைத் திரட்டுவது என்று முடிவு செய்தோம்.

எங்கள் குழு மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை, கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், ஒரு உரக்கடையின் மாடியில் கூடுகிறது. கடைக்காரர் வாடகை வாங்குவதில்லை. ஆசிரியர்கள், விவசாயம் பார்க்கும் சம்சாரிகள், கல்லூரி மாணவிகள், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர் என்று இருபது முப்பது பேர் வருவார்கள். எழுதியதை வாசிப்பது, கேட்டவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்வது, இவ்வளவுதான் கூட்டம்.

இந்த மண்ணைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாரதி பிறந்த எட்டயபுரம் பக்கத்தில் இருக்கிறது. இடைசெவல் என்ற ஒரே கிராமத்திலிருந்து இரண்டு பேர் சாகித்ய அகாதெமி விருது பெற்றார்கள்: கு. அழகிரிசாமிக்கு அவர் மறைந்த பிறகு 1970-ஆம் ஆண்டுக்கான விருது, கி. ராஜநாராயணனுக்கு 1991-இல். பிறகு இதே வட்டாரத்துப் பூமணிக்கு 2014-இல், உருளைக்குடி சோ. தர்மனுக்கு 2019-இல். மழையை நம்பி விதைக்கிற மானாவாரிக் காட்டில் இத்தனை எழுத்து விளைந்திருக்கிறது.

ஆனால் அது தானாக விளைந்துவிடவில்லை. கி.ரா. பள்ளிப் படிப்பை முடிக்காத சம்சாரி. அவருடைய முதல் கதை 1958-இல் 'சரஸ்வதி' இதழில் வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அவருக்கு அழகிரிசாமி என்றொரு நண்பர் இருந்தார். படித்ததையும் கேட்ட சங்கீதத்தையும் பற்றிச் சென்னையிலிருந்து கடிதம் கடிதமாக எழுதிய நண்பர். எழுதுகிறவனுக்கு அப்படி ஒரு ஆள் கிடைப்பது பெரும் பாக்கியம். அந்த ஒரு ஆளாக இருக்கத்தான் எங்கள் கூட்டம் முயல்கிறது.

கோவில்பட்டியில் அரசு கி.ரா.வுக்கு நினைவரங்கம் கட்டி 2022-இல் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் நெல்லையில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தது. மாவட்டத் தலைநகரங்களில் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. இவற்றை மனதார வரவேற்கிறோம். ஆனால் திருவிழா முடிந்து பந்தல் பிரித்த மறுநாளும் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு எழுத்து வேலை தொடர வேண்டுமே. அதற்கு மாதாமாதம் ஓர் இடமும், கேட்பதற்குக் காதும், வீடு திரும்ப வண்டியும் வேண்டும்.

முதல் தேவை அந்த வண்டிதான். கூட்டம் முடிந்து எட்டரை மணிக்கு ஒரு வேன் வைத்து, பெண்களையும் மாணவர்களையும் அவரவர் ஊரில் இறக்கிவிட ஒரு நடைக்கு 1,800 ரூபாய் கேட்கிறார்கள். வருடத்துக்கு 21,600 ரூபாய்.

இரண்டாவது, ஒரு கணினியும் பிரிண்டரும். இன்றைக்கு இதழ்களும் போட்டிகளும் பெரும்பாலும் தட்டச்சு செய்த கோப்பை மின்னஞ்சலில் கேட்கின்றன. டிடிபி கடையில் ஒரு கதையை அடித்து வாங்கினால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. எங்கள் மாணவிகள் இருவர் தட்டச்சு தெரிந்தவர்கள், மற்றவர்களுக்குக் கற்றுத்தரவும் தயார். மேசையோடு சேர்த்து 45,000 ரூபாய் ஆகும்.

அந்தக் கணினி இன்னொன்றுக்கும் உதவும். 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது இருக்கிறது. நூல் வெளியிட நிதி இல்லாதவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை உதவுகிறது. புத்தகம் வந்துவிட்டால் நூலகங்களுக்கு எடுக்க விண்ணப்பிக்கலாம். வழி இருக்கிறது, தகவல்தான் காட்டுப்பக்கம் வந்து சேர்வதில்லை. எங்கள் கவிஞர் ஒருவர், நல்ல கவிஞர், விண்ணப்பப் படிவத்தைக் கையில் வாங்கிய அன்று கடைசித் தேதி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இனி இப்படிப்பட்ட அறிவிப்புகளை ஒவ்வொரு மாதமும் தேடி எடுத்து, பலகையில் ஒட்டி, விண்ணப்பத்தை நிரப்பவும் கூட இருந்து உதவுவோம்.

மே மாத விடுமுறையில் முப்பது பேருக்கு இரண்டு நாள் சிறுகதைப் பட்டறை நடத்த 38,000 ரூபாய் தேவை. சாப்பாடு, போக்குவரத்து, வழிநடத்த வரும் இரண்டு எழுத்தாளர்களுக்கு மரியாதையான சன்மானம் எல்லாம் இதில் அடங்கும். எழுத்தாளரைக் கூப்பிட்டு ஒரு பொன்னாடையோடு அனுப்பிவிடுகிற வழக்கம் எங்களுக்கு உடன்பாடில்லை.

கடைசியாக, ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி, 9,000 ரூபாய். கி.ரா. முன்கை எடுத்துத் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியில் உள்ள சொற்களைப் புழங்கிய தலைமுறை வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறது. கதை சொல்லத் தெரிந்த பாட்டிகளும் தாத்தாக்களும் சுற்றுப்பட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் குரலை இந்த வருஷமே பதிய வேண்டும்.

ஆக மொத்தம் 1,13,600 ரூபாய். உறுப்பினர்கள் எங்களுக்குள் 27,000 ரூபாய் சேர்த்துவிட்டோம். மீதி 86,600 ரூபாய்க்கு உங்களிடம் வருகிறோம்.

எட்டயபுரத்தில் நிற்கும் பாரதி மணிமண்டபமும் இப்படிக் கேட்டு வாங்கிக் கட்டியதுதான். கல்கி தன் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார், ஜனங்கள் கொடுத்தார்கள். 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார், 1947-இல் மண்டபம் திறந்தது. மறைந்த கவிஞனுக்காக அன்று கை நீட்டிக் கொடுத்த ஊர்களில், இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களுக்காகக் கேட்க எங்களுக்குத் தயக்கமில்லை.

நூறு ரூபாயும் நன்கொடைதான். ஒரு மாத வேன் செலவை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளலாம். வெளியூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், நல்ல நிலையில் உள்ள பழைய கணினி இருந்தால் அதையே கொடுக்கலாம். ரசீதுப் புத்தகத்தோடு உறுப்பினர்கள் உங்கள் ஊருக்கு வருவார்கள். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வரவு செலவை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாசித்து, மாடிப்படி அருகே பலகையில் ஒட்டிவைப்போம். ஃபிளெக்ஸ், மாலை, கேடயம் எதற்கும் இதில் ஒரு பைசா போகாது.

பணம் கொடுக்க முடியாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து கேளுங்கள். மாலை நாலு மணிக்கு ஆரம்பம், கடுங்காப்பியும் கடலை மிட்டாயும் உண்டு. அந்த அக்கா இரண்டாவது கதை எழுதிக்கொண்டிருக்கிறார். இது பதினாறு பக்கம் வருமாம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்