துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் வரவும்

அன்புள்ள மாப்பிள்ளை சரவணனுக்கு,

அரிசோனாவின் அந்தப் பழைய ஊர் டூம்ஸ்டோன் போய் வந்த போட்டோக்கள் எல்லாம் பார்த்தேன். அந்தக் கறுப்புத் தொப்பி உனக்குப் பொருந்தித்தான் இருக்கிறது, உன் அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. கூடவே எழுதியிருந்தாயே, "அந்தக் காலத்தில் இங்கே அரசாங்கமாவது ஒன்றாவது, அவனவன் இடுப்பில் துப்பாக்கி, அவனவன் தன்னைப் பார்த்துக்கொண்டான், அப்படித்தான் இந்த நாடு வளர்ந்தது" என்று. இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஊர் இல்லை, சினிமா.

நீ அங்கே டிக்கெட் வாங்கி நாடகமாகப் பார்த்த ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டையையே எடுத்துக்கொள். 1881 அக்டோபர் 26. டூம்ஸ்டோன் அப்போது வெள்ளிச் சுரங்க ஊர். மேயர், கோர்ட்டு, செய்தித்தாள் எல்லாம் உண்டு. ஊருக்குள் ஆயுதத்தோடு நடமாடக் கூடாது, வருகிறவர்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அந்த ஏப்ரலிலேயே நகர மன்றம் சட்டம் போட்டிருந்தது. ஒன்பதாம் எண் சட்டம். அன்று காலை ஐக் கிளாண்டன் என்பவர் துப்பாக்கியோடு சுற்றுகிறார். ஊர்க் காவல் தலைவர் வர்ஜில் ஏர்ப் மண்டையில் ஒன்று போட்டு ஆயுதத்தைப் பிடுங்கி, கோர்ட்டில் நிறுத்துகிறார். 25 டாலர் அபராதம், கோர்ட்டுச் செலவு தனி. மதியத்துக்கு மேல் கிளாண்டன் கூட்டத்தார் ஆயுதத்தோடு நிற்கிறார்கள் என்று தகவல். அதைப் பறிக்கத்தான் வர்ஜில் தன் தம்பிகள் வயட், மார்கன், அப்புறம் வயட்டின் நண்பர் டாக் ஹாலிடே ஆகியோரோடு போகிறார். சுமார் 30 விநாடி. மூன்று பேர் செத்தார்கள். நடந்த இடம் பெயரில் வரும் ஓ.கே. கொரால் என்ற குதிரைக் கொட்டில்கூட இல்லை, பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவை ஒட்டிய காலி மனை.

பழைய பகை, அரசியல் எல்லாம் உள்ளே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சண்டை மூண்டது ஆயுதத் தடைச் சட்டத்தை அமல்படுத்தப் போன இடத்தில். துப்பாக்கி உரிமைக்கு இன்று அடையாளமாகக் காட்டுகிற காட்சி அதுதான்! டூம்ஸ்டோன் மட்டும் விதிவிலக்கும் இல்லை. கான்சாஸின் டாட்ஜ் சிட்டியில் துப்பாக்கி எடுத்துவரத் தடை என்று பலகையே வைத்திருந்தார்கள்.

சட்டம் போட்ட நகர மன்றம் கதையிலிருந்து காணாமல் போய், வயட் ஏர்ப் மட்டும் நின்றது எப்படி? அவர் கடைசிக் காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் இருந்தார், ஹாலிவுட் ஆட்களோடு பழக்கம். 1929இல் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் வில்லியம் எஸ். ஹார்ட்டும் டாம் மிக்ஸும் உண்டு, இருவரும் கௌபாய் பட நாயகர்கள். 1931இல் அவரைப் பற்றி ஒரு வாழ்க்கை வரலாறு வந்தது. அவர் பேசியதாக அதில் வரும் பேச்சுகள் தன் கைச்சரக்கு என்று எழுதியவரே பின்னால் ஒப்புக்கொண்டார். அதற்குள் படங்கள் வரிசை கட்டிவிட்டன. அன்று பொறுப்பில் இருந்த அண்ணன் வர்ஜில் துணைப் பாத்திரமாகிவிட்டார்.

இப்படி நிஜத்தைக் காட்சியாக்குவதில் இதற்கெல்லாம் மூத்த ஆள், ராணுவத்துக்கு வழிகாட்டியாகவும் மேடை நடிகராகவும் இருந்த பஃபலோ பில் கோடி. 1876இல் ஷையேன் என்ற பூர்வகுடி வீரர் ஒருவரைக் கொன்று தலைத்தோலை உரித்தார், அதுவும் மேடை நாடக உடுப்பைப் போட்டுக்கொண்டு. சில மாதங்களில் அதையே நாடகமாக நடித்துக் காசு பார்த்தார். 1883இல் மேற்குப் பகுதிச் சண்டைகளை நடித்துக் காட்டும் தன் வைல்ட் வெஸ்ட் காட்சியைத் தொடங்கினார். 1885இல் லக்கோட்டா என்ற பூர்வகுடியின் தலைவர் சிட்டிங் புல்லும் அதில் சில மாதம் வந்துபோனார். 1890 டிசம்பரில் சிட்டிங் புல் கொல்லப்பட்டார். அந்த மாதமே வூண்டட் நீ என்ற இடத்தில் ராணுவம் லக்கோட்டா மக்களைப் பெண்கள் குழந்தைகளோடு சுட்டுத் தள்ளியது. அதன்பின் சிறை வைத்த லக்கோட்டாக்கள் சிலரை ராணுவமே கோடியிடம் விட்டது. ஐரோப்பாவில் காட்சிக்குக் கூட்டிப் போனார். யோசித்துப் பார், நேற்று வரை கைதி, இன்று மாலைக் காட்சியில் வில்லன். நடந்து முடிந்து வெகுகாலம் கழித்து மிகைப்படுத்தினார்கள் என்றால்கூடச் சரி எனலாம். இங்கே ரத்தம் காயுமுன்பே டிக்கெட் விற்றார்கள்.

(நம் சிவகாசி காமிக்ஸில் நானும் விழுந்து விழுந்து படித்த கௌபாய்களில் பெரும்பாலோர் அமெரிக்காக்காரர்களே இல்லை. இத்தாலியிலும் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கமும் வரையப்பட்டவர்கள்.)

நிஜக் கௌபாய் கூலிக்காரன். மாடு அவனுடையதல்ல, பெரும்பாலும் குதிரையும் அவனுடையதல்ல. நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள், மெக்சிகோக்காரர்களும் ஏராளம். 1883இல் டெக்சாஸின் வடக்குப் பகுதியில் மாதம் 50 டாலர் கேட்டு வேலைநிறுத்தமே செய்தார்கள். தோற்றுப்போனார்கள். கௌபாய் ஸ்டிரைக்கை வைத்து நீ எத்தனை படம் பார்த்திருக்கிறாய்?

அப்புறம் அந்த "அரசாங்கமாவது ஒன்றாவது". பூர்வகுடிகளை விரட்டியது மத்திய அரசின் ராணுவம். 1862இல் ஹோம்ஸ்டெட் சட்டம் போட்டு ஆளுக்கு 160 ஏக்கர் கொடுத்தது மத்திய அரசு. ரயில் கம்பெனிகளுக்குப் பத்துக் கோடி ஏக்கருக்கு மேல் தூக்கிக் கொடுத்ததும் அதே அரசுதான். இவ்வளவையும் அழித்துவிட்டுக் குதிரைமேல் ஒற்றை ஆளை மட்டும் விட்டால் யாருக்கு வசதி? சிகரெட் கம்பெனிக்கு வசதி: பெண்கள் பிடிப்பது என்று பெயரெடுத்திருந்த மார்ல்பரோவை ஆம்பளை சிகரெட்டாக்கியது கௌபாய் விளம்பரம்தான். அரசியல்வாதிக்கும் வசதி. அரசுதான் பிரச்சினையே என்று 1981இல் பதவியேற்பு உரையில் சொன்ன ஜனாதிபதி ரீகன், கௌபாய் படங்களில் நடித்தவர், தொலைக்காட்சியில் மேற்குக் கதைத் தொடர் ஒன்றைத் தொகுத்து வழங்கியவர்.

பீனிக்ஸில்தானே இருக்கிறாய், அடுத்த லீவில் வடகிழக்கே ரூஸ்வெல்ட் அணைக்கு ஒரு நடை போய் வா. 1911இல் திறந்தது, மத்திய அரசு கட்டியது. அந்தப் பாலைவனத்தில் உங்கள் ஊர் இத்தனை பெரிதானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அணைகளுக்கு வழி செய்த 1902 சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அன்றைய ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட். அதே மனிதர் 1885இல் நியூயார்க்கில் ஒரு ஸ்டூடியோவில் தோல் சட்டை மாட்டி, துப்பாக்கி பிடித்து, எல்லைப்புற வேட்டைக்காரர் போலப் படம் எடுத்துக்கொண்டவர். தேடிப் பார், கிடைக்கும். முகத்தை ரொம்பக் கடுமையாக வைத்திருப்பார்.

அம்மா உன் போனுக்குக் காத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு.

அன்புடன்,
மாமா