வாரி வழங்கினார்களாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வரலாற்றுக் கட்டுரையில், ‘நம் பெண்களுக்குச் சட்ட உரிமைகளை வாரி வழங்கியது வெள்ளையர் ஆட்சிதான்’ என்று ஒரு வரி. எழுதியவர் இளைஞர் போலிருக்கிறது, போகட்டும். தங்கள் மேசையைத் தாண்டி அது எப்படி அச்சுக்குப் போனது?

1856-ஆம் வருஷத்து விதவை மறுமணச் சட்டத்தைக் கட்டுரையில் புகழ்ந்திருக்கிறார். அதன் இரண்டாம் பிரிவு தாங்கள் அறியாததல்ல: மறுமணம் செய்துகொண்டவள் முதல் கணவனின் சொத்தை விட்டுவிட வேண்டும். மறுமணம் காலங்காலமாக வழக்கத்தில் இருந்த சாதிப் பெண்களுக்கும் இதே கதிதான் என்று சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. வாரித்தான் வழங்கியிருக்கிறார்கள், பங்காளிகளுக்கு!

ருக்மாபாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதினொரு வயதில் கட்டிவைத்த கணவனோடு வாழ மாட்டேன் என்றவரை, போய் வாழ், இல்லாவிட்டால் ஆறு மாதம் ஜெயில் என்றது பம்பாய் நீதிமன்றம். அது 1887. கணவனோடு சேர்ந்து வாழச் சொல்லிப் போடும் அந்த வழக்கு வகையே இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானது. அங்கே இதற்கு ஜெயில் கூடாதென்று 1884-லேயே சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

சிவகங்கை காத்தம நாச்சியார், தகப்பனாரின் ஜமீனுக்காக முப்பது வருஷத்துக்கு மேல் இழுத்த வழக்கில், 1863-இல் அப்போதைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் ஜெயித்தார். ஜமீன் தகப்பனாரின் சுயார்ஜிதம், அதாவது அவர் தாமே அடைந்த சொத்து என்பதால் ஜெயித்தார். கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்தால் ஆண் பங்காளிக்குத்தான் போயிருக்கும்.

நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். கட்சிக்காரர்கள் கொண்டுவரும் மூலப் பத்திரங்களைப் படித்தே கண் போனது. விதவை நிலம் விற்றிருந்தால், ‘புருஷர் பட்ட கடனைத் தீர்க்கவும் குமாரத்தி கல்யாணச் செலவுக்கும்’ என்று காரணம் எழுதியிருக்கும். அவளுக்கு இருந்தது ஆயுள் பாத்தியம் மட்டும்: உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கலாம், தக்க காரணமில்லாமல் விற்க முடியாது. காரணம் சரியில்லை என்று பின்னால் எவனாவது பங்காளி கோர்ட்டுக்குப் போய்விடுவான். ஆண் விற்ற பத்திரங்களில் எவனும் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பிள்ளையில்லாமல் தாலியறுத்த என் பாட்டியின் அக்காவுக்குக் கொழுந்தனார் எழுதிக்கொடுத்த ஜீவனாம்சப் பத்திரம். வருஷத்துக்கு நெல், இரண்டு சேலை, பின்கட்டு அறை, அப்புறம் ‘கொல்லைக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளவும்’. மருமகளாக வந்த வீட்டில் தண்ணீர் இறைக்க முத்திரைத்தாளில் அனுமதி! விதவைக்குப் பங்கு தந்த 1937 சட்டம் வந்தபோது அவர் கிழவியாகிவிட்டார். அந்தச் சட்டம் தந்ததும் ஆயுள் பாத்தியம்தான். அது முழு உரிமையானது வெள்ளைக்காரன் போன பிறகு, 1956-இல்.

1921-இல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்ததையும் சாதனைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். சொத்து உள்ளவருக்குத்தான் ஓட்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. சொத்து யார் பேரில் இருந்தது, ஐயா?

மகளிர் சிறப்பிதழுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். தாங்கள் போட்டது கோலப் போட்டி முடிவுகள். நல்ல கோலங்கள்தான், குறை சொல்லவில்லை.

அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். கூடவே 1856 சட்டத்தின் இரண்டாம் பிரிவைத் தமிழில் அச்சிட்டால் நல்லது. கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்