மீடியா கன்வர்ட்டர் பொருத்துவோர் கவனத்திற்கு

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டை, புளியரைப் பகுதியில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே தோப்பு வீடுகளின் இணைப்புகளை முடிக்க வேண்டியிருப்பதால், தூரக் கணக்கை எல்லோரும் ஒரே முறையில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தாமிர ஈதர்நெட் கேபிளுக்கு, இரு முனைகளிலும் செருகும் குட்டைக் கேபிள்களான பேட்ச் கார்டுகளையும் சேர்த்து, 100 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால் ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபர் இழுத்து, மின் சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின் சமிக்ஞையாகவும் மாற்றும் மீடியா கன்வர்ட்டர் பெட்டியை இருபுறமும் வைக்க வேண்டும். உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிள் மின்னலைக் கடத்தாது என்பது நம் மலையடிவாரத்துக்குப் பெரிய ஆறுதல்.

ஃபைபரில் மீட்டர் கணக்கு மட்டும் போதாது. ஒளி இழப்பையும் பார்க்க வேண்டும். சாலை வழி 3.2 கிலோமீட்டர் என்றால், தொய்வும் முனைச் சுருளும் சேர்த்துக் கேபிளை 3.5 கிலோமீட்டராகக் கொள்ளுங்கள். சிங்கிள் மோடு வகை ஃபைபரில், 1310 நானோமீட்டர் அலைநீள ஒளிக்குக் கிலோமீட்டருக்கு 0.4 டெசிபல் (ஒளி இழப்பின் அளவு) வீதம் 1.4, இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைஸ் நான்குக்கு 0.4, இரண்டு கனெக்டருக்கு 1 என மொத்தம் 2.8 டெசிபல் ஆகிறது. இத்துடன் 3 டெசிபல் கையிருப்பையும் கூட்டினால் வரும் 5.8, கன்வர்ட்டர் அனுப்பும் ஒளியின் குறைந்தபட்ச அளவுக்கும், மறுமுனைக் கன்வர்ட்டர் பெறத் தேவைப்படும் குறைந்தபட்ச அளவுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள் அடங்க வேண்டும்.

ஒற்றை இழைக் கன்வர்ட்டர்களில் ஒரு முனை 1310 நானோமீட்டர் ஒளியில் அனுப்பி 1550-இல் பெறும். மறுமுனை அதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒரே வகைப் பெட்டிகள் இரண்டை எடுத்துச் சென்று, ஃபைபர் விளக்கு எரியாமல், கொட்டும் மழையில் அரை நாள் ஸ்ப்ளைஸைப் பிரித்துப் பார்த்தேன். கிளம்புமுன் இரண்டு லேபிளையும் படித்துவிடுங்கள். முனை சாய்வாக உள்ள பச்சைக் கனெக்டரை, சாய்வில்லாத நீலத்தில் செருகவே வேண்டாம். கேபிள் சுருளை எடுக்குமுன் உங்கள் கணக்கை இக்குழுவில் பதிவிடுங்கள்.