எந்தத் தண்ணீர் எந்த வேலைக்கு

அன்புள்ள மகளுக்கு,

காலையில் நிறைத்த மேல்தொட்டி சாயங்காலத்துக்குள் காலியாகிவிடுகிறது என்றாயே, இருக்கிற இரண்டரை பேருக்கு அவ்வளவு செலவாகாது. குளிக்கிற தண்ணீரைக் குறைப்பதற்கு முன்னால் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்.

எனக்கு ஃப்ளஷ் தொட்டி மேல்தான் சந்தேகம். குழாய் சொட்டினால் சத்தம் கேட்கும். இது அப்படியில்லை. தொட்டிக்குள் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டால், தண்ணீர் கழிப்பறைக் கோப்பையின் உள்பக்கத்தை ஒட்டி இழை மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தொட்டி மூடியைத் திறந்து கொஞ்சம் சமையல் கலர் கரைத்துவிட்டு, 15 நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் ரப்பரை மாற்றச் சொல். பார்த்ததும் ஃப்ளஷ் செய்துவிடு, இல்லாவிட்டால் கறை பிடிக்கும். அப்புறம் குழாய்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. பெரும்பாலும் வாஷர் மாற்றினாலே நின்றுவிடும்.

சரி, அடுத்தது மறுபடி பயன்படுத்துவது. எல்லாவற்றையும் ஒரே வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுவது எனக்குப் பிடிப்பதில்லை. காய்கறி கழுவிய தண்ணீர் செடிக்குத் தாராளமாகப் போகலாம். ஏசியிலிருந்து வடிவதிலும் உப்பு இருக்காது, அதையும் ஊற்று. குடிக்க மட்டும் ஆகாது. குடிதண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் விஷயம் வேறு. ஒரு லிட்டர் குடிதண்ணீர் தருவதற்குள் பல மெஷின்கள் இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளிவிடும். பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கும். தினமும் பூந்தொட்டிக்கு ஊற்றினால் மண்மேல் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருக ஆரம்பிக்கும். வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் அது போதும்.

வாஷிங் மெஷினில் முதலில் வரும் சோப்புத் தண்ணீரை விட்டுவிடு, கடைசி அலசலைப் பிடி. அதை அன்றைக்கே செலவழித்துவிட வேண்டும், மறுநாள் நாற்றம் வந்துவிடும். குழந்தை அசுத்தம் செய்த துணியை அலசிய தண்ணீரை எதற்கும் எடுத்துவைக்காதே.

பிடித்துவைக்கும் வாளிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பேரன் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற வயது. வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும், தலைகுப்புற விழுந்தால் அந்த வயதுக் குழந்தையால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. அதனால் இறுக்கமான மூடி இருக்கிற வாளியாகப் பார்த்து வாங்கு, குளியலறைக் கதவை எப்போதும் வெளியே தாழ் போட்டுவை. மூடி இருந்தால் கொசுவும் முட்டையிடாது; ஆனாலும் வாரம் ஒருமுறை வாளியைக் கவிழ்த்து உள்பக்கம் தேய்த்துக் கழுவு. இது முடியாது என்று தோன்றினால், அவன் கொஞ்சம் வளரும்வரை தண்ணீர் பிடித்துவைக்கவே வேண்டாம். ஒழுகலை மட்டும் சரிசெய்தால் போதும். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா